பீரோவில் பூட்டிய மார்க் கார்டுகள்

ரெமிஜியஸ் பிசிக்கல் டைரக்டராக இருந்த இருபத்தொன்பது வருஷத்தில் கல்லூரிக்குப் பதினோரு தடவை பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப் கிடைத்தது. பிரேசர் டவுனில் அவர் நடந்துபோனால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவருடைய பயிற்சியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அவர் அறையிலிருந்த பீரோவைப் பற்றி யாரும் பேசவில்லை.

விளையாட்டுக் கோட்டாவில் சேரும் பிள்ளைகளின் ஒரிஜினல் மார்க் கார்டுகளை வாங்கி அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். பத்திரமாக இருக்கட்டும் என்று பெற்றோரிடம் சொல்வார். உண்மையில், நல்லா ஓடுகிற பிள்ளையை வேறு கல்லூரிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது, அவ்வளவுதான். ஊரில் நான் ஒருத்தன்தானா செய்கிறேன் என்று மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்திருந்தார்.

அவர் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. பல்கலைக்கழகத் தடகள மீட்டுக்கு ஒரு வாரம். அப்போதுதான் மகா வந்து நின்றாள். எண்ணூறு மீட்டர் ஓடுகிற கடைசி வருஷப் பெண். அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை.

"சார், ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டால செலக்ட் ஆயிட்டேன். வியாழக்கிழமை வெரிஃபிகேஷன். ஒரிஜினல் குடுத்தீங்கன்னா..." போனில் வந்திருந்த கடிதத்தையும் காட்டினாள்.

அவர் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. போன வருஷம் ஜோவிதா என்ற பெண் இதே ரயில்வே கதையைச் சொல்லித்தான் ஒரிஜினலை வாங்கிப் போனாள். அடுத்த வாரமே வேறு கல்லூரி ஜெர்சியில் ஓடினாள். இன்னொரு தடவை ஏமாற அவர் தயாராக இல்லை. தன் கடைசி வருஷமும் சாம்பியன்ஷிப் ஷீல்டோடு போக வேண்டும் என்ற ஆசை வேறு பிடித்து ஆட்டியது.

"மீட் முடியட்டும்மா. ரயில்வேல எனக்கு ஆளு இருக்காங்க, நான் பேசிக்கறேன்."

அவர் பேசவில்லை. வியாழக்கிழமை மைதானத்தில் இருந்தபோது மகா நாலு தடவை போன் செய்தாள். நச்சரிக்கிறாள் என்று போனை சைலண்டில் போட்டார். வெள்ளிக்கிழமை மீட்டுக்கு அவள் வந்து, ரயில்வே பேச்சையே எடுக்காமல் ஓடி, முதலாவதாக வந்தாள். ஷீல்டும் வந்தது. ஒன்றும் குடி முழுகிவிடவில்லையே என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் மனுஷன்.

திங்கட்கிழமை அவரே மார்க் கார்டுகளை எடுத்து நீட்டினார்.

"வியாழக்கிழமையோட முடிஞ்சிருச்சு சார். ஜெராக்ஸ் செல்லாதுன்னுட்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் வெளியிலயே உக்காந்திருந்தேன். நீங்க பேசியும் கேக்கல போல."

நான் பேசவே இல்லை என்று சொல்ல ரெமிஜியஸுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே ரயில்வே அலுவலகத்துக்கு ஓடினார். அடுத்த பெயருக்கு ஆர்டர் போய்விட்டது என்றார்கள். பிரிவுபசார விழாவில் தலையில் மைசூர் பேட்டா தலைப்பாகை வைத்து, மாலை போட்டு, அவரைப் புகழ்ந்து தள்ளினார்கள். அவமானத்தில் அவருக்கு உடம்பு கூசியது.

எட்டு மாதம் அந்தப் பொய்யோடு இருந்து பார்த்தார். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பொம்மசந்திராவுக்கு பஸ் ஏறினார்.

மகா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். இப்போது அவளும் அப்பாவோடு அதே ஃபேக்டரிக்குத்தான் போகிறாள்.

"ஓடுறியாம்மா?"

"எங்க சார்? எட்டு மணி நேரம் நின்னுட்டே வேலை. காலு வீங்கிடுது. டைமிங் எல்லாம் போயிருச்சு."

வழியெல்லாம் அவர் தயார் செய்திருந்தது மன்னிப்பு. வாயில் வந்ததோ வேறு. "அன்னிக்கே அப்பாவைக் கூட்டிட்டு வந்து பிரின்சிபால்கிட்ட சண்டை போட்டிருக்கலாமேம்மா?"

"அப்பா கிளம்பினாரு சார். நான்தான் விடல. சார் பேசறேன்னாரு, நிச்சயம் பேசுவாருன்னு சொன்னேன். நீங்க பேசியும் நடக்கலன்னா என் நேரம்."

அவளிடம் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"நான் பேசவே இல்லம்மா," என்றார் ரெமிஜியஸ். "நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். நீ பண்ண போனையும் வேணும்னேதான் எடுக்கல."

மகாவுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் பாதி குடித்த டீயை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு. கிளம்புங்க," என்றாள். சார் என்று சொல்லவில்லை.