எனக்கு மூன்று, அவருக்கு எட்டு

மகள் வாங்கி அனுப்பிய புதுக் காற்றுத் துப்பாக்கியைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"பிளாஸ்டிக்கு. பொம்மைக் கடையில தொங்குற ஜாதி."

அவருடைய பழசு, மரக்கட்டையும் பித்தளைக் குழாயுமாக, தூக்கினாலே தோளை இறக்கிவிடும். அடியில் இருக்கும் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பம்ப் அடித்தால்தான் உள்ளே காற்று ஏறும். அதற்கு எனக்கு வலுவில்லை. அவர்தான் அடித்துக் கையில் கொடுப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து, விடுமுறை என்றால் பின்சுவரில் டப்பா அடுக்கிச் சுடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. மற்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள்.

எனக்கு மூன்று பம்ப், அவருக்கு எட்டு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு மேல அடிச்சா உதைக்கும். உன் தோள் தாங்காது" என்றார். என்ன அக்கறை என்று பூரித்துப்போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

என் குண்டு எப்போதும் டப்பாவுக்குக் கீழே போய்ச் சுவரைக் கொத்தும். அவருடையது டங்கென்று டப்பாவில் விழும். "கை நல்லாத்தான் நிக்குது, கண்ணுதான் கோளாறு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். "எழுத்துப் படிக்கிறது வேற, குறி பார்க்கிறது வேற" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நான் டாக்டரை விட்டுவிட்டு இவரை நம்பினேன்.

இருவருக்கும் ஒரே பாட்டில் தொழிற்சாலையில் வேலை. மருந்து பாட்டில்களை விளக்கின் முன் பிடித்துக் கீறலும் குமிழியும் பார்க்கிற மேசைக்கு ஆள் தேவைப்பட்டபோது மேனேஜர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். உட்கார்ந்து செய்கிற, மரியாதையான வேலை. "கண் சரியில்லை சார்" என்று நானே மறுத்தேன். நாற்காலி அவருக்குப் போனது. நான் இன்றுவரை நின்றுகொண்டு அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பழசா புதுசா பார்த்துவிடலாம் என்று அவரே மார்தட்டிக்கொண்டு டப்பாக்களை அடுக்கினார். புதுசு கையில் கனக்கவே இல்லை. கைப்பிடியும் என் இழுப்புக்கு வந்தது. முதன்முறையாக நானே பம்ப் அடித்தேன், பழக்கப்படி மூன்று. குண்டு வழக்கம்போல் சுவருக்குப் போனது.

"துப்பாக்கி மாறினா கண்ணு மாறிடுமா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. உதைத்தால் உதைக்கட்டும் என்று எட்டு அடித்தேன். "போதும், போதும்" என்றார். இப்போது சிரிப்பைக் காணோம். சுட்டேன். டப்பா எகிறி விழுந்தது. மறுபடி எட்டு. அடுத்ததும் விழுந்தது. தோளில் ஒரு சின்ன இடி கூட இல்லை.

பழசை எடுத்து அவரிடம் நீட்டினேன். "மூணே மூணு அடிச்சு நீங்க சுடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சுட்டார். டப்பாவுக்குக் கீழே சுவரில் காரை உதிர்ந்தது.

"மூணுக்குக் காத்து எப்படிப் பத்தும்?" என்றார் கடுப்பாக. "குண்டு கீழ இறங்கத்தான் செய்யும். இதுகூடத் தெரியாதா?"

"அப்ப என் கண்ணு?"

துணியை எடுத்துத் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். "ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது. அதை நீ கொண்டுபோய் மேனேஜர்கிட்ட சொல்லுவேன்னு நான் கண்டேனா? நானா உன்னை வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்?"

சொல்லவில்லை. மறுத்துவிட்டு வந்து நின்ற அன்று "நல்ல முடிவு" என்று மட்டும் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே. அவர்மேல் வந்த வெறுப்பைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு பாதி ஆயுளைக் குருடியாகக் கழித்திருக்கிறேன்.

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" என்றார். "நான் ரிட்டயராக இன்னும் மூணு வருஷம். அப்புறம் அந்த நாற்காலி காலிதான். போய்க் கேளு, குடுப்பாங்க."

பெட்டி ஒட்டுகிறவர்களை எங்கள் தொழிற்சாலையில் சீக்கிரமே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருகிற வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். அது அவருக்கு ஞாபகமே இல்லை.