கடிபட்ட பச்சை வளையம்

1

இந்தக் கதை ஒளியிலிருந்து பிறக்கவில்லை. தாஷ்கண்டில் நான் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் தொங்கும், ஓரம் கடித்த ரொட்டியிலிருந்து பிறந்தது. இந்த ஊர் வழக்கப்படி, வெளியூர் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார். மிச்சம் ஆணியில் காத்திருக்கும். அவரே திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘லேசர் ஒளி என்பது…’ (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

மஹ்லியோ இந்த ஊர் லேசர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்பவள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை முறுக்கி ஒரு படிகத்துக்குள் அனுப்புவாள். மறுபக்கம் அது பச்சையாகி, நடுவில் ஓட்டையுள்ள வளையமாகச் சுவரில் விழும். (ஏன் ஓட்டை? முறுக்கிய ஒளிக்கு நடு கிடையாது. இதற்குமேல் கேட்டால் கதை நின்றுவிடும்.)

அவளுக்கு நிச்சயித்திருந்த எர்காஷ், சியோலுக்கு வேலைக்குப் புறப்படும்முன் விடைபெறக் கூடத்துக்கு வந்தான். அவன் பெட்டி மேசையில் இடித்தது. படிகம் நகர்ந்தது. வளையத்தின் ஓரத்தில் ஒரு வாய் காணாமல் போனது.

அவன் போனபின் மஹ்லியோ படிகத்தைச் சரிசெய்யும் திருகாணியை நோக்கிக் கை நீட்டினாள்.

“அடியே, தொடாத!” கூடத்தின் தலைவர் ஹம்தம் அலறினார். “பையன் கடிச்சிட்டுப் போயிருக்கான். அவன் வந்துதான் முடிக்கணும்.”

“அண்ணே, அது வெளிச்சம். நீங்க இதுல பட்டம் வாங்கினவரு.”

“பட்டம் வாங்குறதுக்கு முன்னாடியே ரொட்டி தின்னவன்டி நான்!”

3

கூடத்தை மூடும் ஆணையோடு ஓர் அதிகாரி வந்தார். (அவருக்கு மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.) சுவரில் கடிபட்ட வளையத்தைப் பார்த்ததும் மரியாதையாக நெஞ்சில் கை வைத்தார்.

“யாரு ஊருக்குப் போயிருக்கா?”

“எனக்குப் பேசி வச்சவரு,” என்றாள் மஹ்லியோ.

“நல்லபடியா வரட்டும். கடிச்ச ரொட்டி இருக்குற இடத்த எப்படிம்மா பூட்டுறது? அவரு வந்து முடிக்கட்டும், மறுநாளே பூட்டிக்கலாம்.”

ஆணை பைக்குள் திரும்பியது. அன்றிலிருந்து கூடத்தில் எல்லோரும் எர்காஷின் நலத்துக்காக வேண்டிக்கொண்டார்கள். அவனுக்குச் சியோலிலேயே வேலை நிரந்தரமாகிவிட வேண்டும் என்று இன்னும் உருக்கமாக வேண்டிக்கொண்டார்கள்.

4

எர்காஷ் தொலைபேசியில் அழைத்தான்.

“மஹ்லியோ, இந்த ஊரு எனக்கு ஒத்துக்கல. வெள்ளிக்கிழம வந்துடுறேன். கல்யாணத்த வச்சுக்கலாம்.”

அவள் முகம் மலர்ந்தது; படிகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. பின்னால் ஹம்தம் கெஞ்சினார்: “அங்கேயே ஒரு வீடு பாக்கச் சொல்லு தாயி! நம்மூரு பிலாவ் சோறு வேணும்னா நான் அனுப்புறேன்!”

“அங்க என்ன சத்தம்? நான் வர்றதுல உனக்குச் சந்தோஷமில்லையா?”

5

‘வாங்க’ என்றாள் என்று எழுதினேன். கூடம் பூட்டப்பட்டது, கல்யாண விருந்தில் அவள் சுவரையே வெறித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

‘வராதீங்க’ என்று எழுதினேன். அவன் கட்டிவைத்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்து… (முடிக்க மனம் வரவில்லை.)

வெளிச்சத்தைத் தின்று முடிக்க முடியாதே, கூடத்தையும் பூட்ட மாட்டார்கள், வரட்டும் என்றும் யோசித்தேன். ஆனால் வழக்கப்படி, தின்று முடிக்காதவன் ஊர் திரும்பாதவன். ஊர் திரும்பாதவனுக்கு எந்த ஊரில் கல்யாணம் செய்து வைப்பார்கள்?

மஹ்லியோ வாயைத் திறந்து மூடுகிறாள். அவன் “ஹலோ, ஹலோ” என்கிறான். அவளுக்கு என்ன வசனம் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.