எலிக்கு வற்றிய வீக்கம்

தொண்ணூற்று மூன்றில் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பியூலா வேலை பார்த்தாள். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்கவைப்பார்கள். மஞ்சளின் சாரம் அதை எவ்வளவு குறைக்கிறது என்று மூன்று மணி நேரம் அவள் அளக்க வேண்டும். ஒரு நாள் வீக்கம் பாதியாக வற்றியது. அந்தச் சந்தோஷத்தில், தாம்பரத்தில் ரயிலிறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவிடம் சொன்னாள். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

அம்மா செல்வமேரிக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம். மகளுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, வேளைக்கு ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் பாலில் கலக்கிக் குடித்தாள். மூன்றாம் வாரம் விரல்கள் மடங்கவில்லை. சீப்பைப் பிடிக்க முடியாதபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"நீதானே சொன்ன, எலிக்கு வத்திடிச்சின்னு."

"அது நாங்க காலையில வரவச்ச வீக்கம்மா. உனக்கு ஆறு வருஷமா இருக்குது. எலிக்குக் குடுத்த கணக்குக்கு நீ கிண்ணம் கிண்ணமா மஞ்சத்தூள் துன்னணும்."

"துன்னுட்டுப் போறேன். மாத்திரை போட்டா வவுறு எரியுது. அத்த உன் காலேஜ்ல பாக்க மாட்டாங்களா?"

அம்மாவுக்கு வயிறு எரிவதே பியூலாவுக்கு இப்போதுதான் தெரியும். மறுநாளே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர்.

"எம் பொண்ணுதான் சார். ஆராய்ச்சி பண்றா."

டாக்டர் பார்த்த பார்வையில் பியூலாவுக்குக் காது சுட்டது. அவர் மாத்திரையை மாற்றி, வயிற்றுக்கும் ஒன்று எழுதினார். "மஞ்சளைக் குழம்புல தாராளமாப் போடுங்க. மாத்திரைக்குப் பதிலாப் போடாதீங்க" என்றார்.

இரண்டு மாதத்தில் விரல்கள் மடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அம்மணி முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"உங்கம்மா கை மஞ்சத்தூள்லயே சரியாயிடிச்சாமே. நானும் மாத்திரைய நிறுத்திட்டேன் பாப்பா."

பியூலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்திரை போடறத நீ சொல்லலியா?"

"அத்த யாரு கேட்டா?" என்றாள் செல்வமேரி.

பியூலா அம்மணியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, முதல்ல போய் அந்த மாத்திரையைப் போடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

அம்மணி எழுந்திருக்கவில்லை. "இன்னா பாப்பா, உங்கம்மாவுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"