பொட்டாஷ் குடித்த பசு

இப்போதெல்லாம் மாடு விழுந்துவிட்டால் ஊரே வந்து வைத்தியம் சொல்கிறது. புரட்டிப் போட ஒரு கை கொடு என்றால் இடுப்பு வலி என்று போய்விடுகிறார்கள். எங்கள் பசு கன்று போட்டுப் பத்து நாள். ஆறு நாளாகத் தீவனம் தொடவில்லை, மூன்று நாளாக எழவில்லை. நானும் மருமகள் முருகலட்சுமியும்தான் வேளைக்கு ஒரு பக்கமாகப் புரட்டினோம். எனக்குத் தோள் விட்டுப்போனது.

கன்று போட்ட மாடு படுத்தால் கால்சியம் பாட்டில். எனக்குத் தெரிந்தது அதுதான். இரண்டு பாட்டில் ஏற்றியும் எழவில்லை.

மாட்டு டாக்டர் ஜெப ஷீலா வந்து பசுவின் தலையைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் ஈரத்துணி மாதிரி விழுந்தது. கழுத்து நரம்பில் ஊசி குத்தி, பாட்டிலைக் கூரைக் கம்பில் தொங்கவிட்டார். பிறகு ஒரு வெள்ளைப் பொடியை வாளித் தண்ணீரில் கரைத்தார்.

"அது என்னா பொடி?"

"பொட்டாசியம் உப்புய்யா. தீனி தின்னாத்தான் ஒடம்புல சேரும். ஆறு நாளா திங்காம வத்திப்போச்சு. அதான் சதையில வலுவில்ல."

"பருத்திக்குப் போடுற பொட்டாஷா?"

அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உப்பு அதேதான். இது மருந்துக்குன்னு சுத்தம் பண்ணுனது."

வாளியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு நல்லகண்ணுவின் காளை யூரியாத் தண்ணீரைக் குடித்து விறைத்துச் செத்ததைப் பார்த்தவன் நான்.

"உரத்தக் கரைச்சு ஊத்துறீகளே தாயி, இது என்ன காய் பிடிக்கவா போகுது?"

"யூரியா வேறய்யா. ஆனா இதுவும் அளவு தப்பக் கூடாது. நரம்புல வேகமா ஏறுனா நெஞ்சு நின்னுரும். அதான் பாட்டில்ல கொஞ்சமாக் கலந்து சொட்டுச் சொட்டா விட்டுருக்கேன். மிச்சம் வாய் வழியா."

"நெஞ்சு நின்னுரும்னு நீங்களே சொல்றீக."

"மாமா, வாளிய விடுங்க," என்றாள் முருகலட்சுமி. "ஒங்க கால்சியத்துக்கு எந்திரிச்சு ஒக்காந்து காப்பியா குடிச்சுச்சு?"

விட்டேன். இன்னொரு நாள் புரட்ட எனக்குத் தெம்பில்லை. டாக்டர் குழாய் வழியாக உள்ளே ஊற்றினார். மறுநாளும் வந்து ஊற்றினார்.

மூன்றாம் நாள் காலையில் பசு தலையை நிமிர்த்திச் சோளத்தட்டையைக் கடித்தது. மதியம் பின்னங்காலை ஊன்றி, தடுமாறி, நின்றேவிட்டது.

"பாத்தீகளா மாமா?"

"கால்சியம் இப்பத்தான் வேல செய்யுது."

"அந்தப் பாட்டில் ஏத்தி எத்தன நாளாச்சு?"

"பெரிய மாடு. ஒடம்பு பூரா போய்ச் சேரணும்ல."

அவள் வாளியை எடுத்து வந்தாள். டாக்டர் கொடுத்துவிட்டுப் போன மிச்சப் பொடியை அளந்து கழுநீரில் கலக்கினாள். பசு மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. நின்று பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அருவாளை எடுத்துக்கொண்டு தட்டை அறுக்கப் புஞ்சைக்கு நடந்தேன்.