வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வீடு

கருங்குழியில் வெங்கடேசனின் வீடு, அணி வெளியூருக்கு ஆடப்போகும் நாட்களில் அதன் இடத்தில் இருக்காது. அவர் பேருந்தில் ஏறி டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அஸ்திவாரத்தோடு கிளம்பி, பேருந்துக்குப் பின்னால் நாலு வண்டி தள்ளி, ஹாரன் அடிக்காமல் வந்துகொண்டிருக்கும். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கத்து முருங்கை மரம், எல்லாம் சேர்த்துத்தான். சக்கரம் இல்லாமல் எப்படி வருகிறது என்று ஒருவர் சாலையில் படுத்தே பார்த்திருக்கிறார். கொஞ்சம் புழுதியும் ஒரு ஓணானும் தெரிந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியமும் பஞ்சலோகத் துண்டும் போடுவது வழக்கம். வெங்கடேசன் மதுராந்தகம் நெல் மண்டியில் கமிஷன் பார்ப்பவர், எதிலும் ஒரு பிடி கூடப் போட்டே பழகிய கை. கருங்குழி ஏரிக்கரை கால்பந்துக் கழகம் முதல் கோப்பை வாங்கிய பந்தின் தோலை, மேஸ்திரி வெற்றிலை துப்பத் திரும்பிய நேரம் பார்த்து, தானியத்தோடு உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து வீடு ரசிகராகிவிட்டது. ஆட்டம் உள்ளூரில் நடந்தவரை தொந்தரவில்லை. மைதானம் வற்றிய ஏரிக்குள் இருந்தது, வீடு தன் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ளும். பிறகு ஒரு ஐப்பசியில் ஏரி நிரம்பியது. நிரம்பியது வற்றவேயில்லை. கோல் கம்பத்தின் மேல் கொக்கு உட்கார்ந்து மீன் பார்த்தது. அதோடு கழகத்துக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம் என்று ஆகிப்போனது.

முதல் தடவை வந்தவாசிக்குப் போனபோது வெங்கடேசனின் மனைவி துர்காதேவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சியைப் பின்வாசலில் கொட்டினாள். அது வந்தவாசிப் பேருந்து நிலையத்தில் ஒரு போக்குவரத்துக் காவலரின் பூட்ஸில் விழுந்தது. சுங்கச்சாவடியில் வீடு எந்த வகை வண்டி என்று மூன்று ஷிஃப்ட் ஆட்கள் கூடிப் பேசி, கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லாததால் இரட்டைக் கட்டணம் என்று முடிவு செய்தார்கள். திரும்பும்போதும் அதே இரட்டை. லைன்மேன் ஹரிஹரன் ஒவ்வொரு தடவையும் கம்பத்திலிருந்து ஒயரைக் கழற்றி, ராத்திரி திரும்ப மாட்டுவார், டீ செலவு தனி. போன ஊர்க்காரர்கள் நின்ற நேரத்துக்கு வீட்டுவரி கேட்டார்கள், கருங்குழிக்காரர்கள் நிற்காத நேரத்துக்கும் கேட்டார்கள். நம் அணி ஜெயித்தால் எதிரணி ரசிகர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைப்பார்கள், தோற்றால் அதே ஆட்கள் செருப்பை வாசலில் விட்டு மரியாதையாக உள்ளே வந்து தண்ணீர் கேட்பார்கள், கக்கூஸ் எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள். ஒரு சீசனில் வெங்கடேசன் செலவழித்ததில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம். அதுவும் கூடவே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கட்டவில்லை. துர்காதேவிக்குப் போகப்போகப் பழகிவிட்டது. அவர் பச்சை ஜெர்சியைத் தேடத் தொடங்கினாலே போதும், கொடியில் காயும் துணிகளை எடுத்து மடித்து, கேஸை மூடி, பரணில் இருக்கும் பித்தளைச் சாமான்களைத் தரையில் இறக்கி வைத்துவிடுவாள்.

போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உத்திரமேரூரை மறந்தவர்கள். அன்றைக்கு அவர் போகவில்லை, வீடும் நகரவில்லை, கழகம் ஏழு கோல் வாங்கியது. எட்டாவதை நடுவரே வேண்டாமென்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கோல்கீப்பருக்கு ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தில் வெங்கடேசனின் தலையைத் தேடும் வியாதி வந்தது. தலை தெரிந்தால்தான் கையுறை மாட்டுவான்.

இப்படி இருக்கையில், வெங்கடேசனின் ஒரே மகள் காயத்ரி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். அவள் கணவன் ரோஹித் அணுசக்தித் துறையின் அணுபுரம் குடியிருப்பில் இருப்பவன், பக்கத்து அலுவலகத்தில் வேலை. கடைசி மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுத்தே இருக்க வேண்டும், குலுங்கவே கூடாது, வலி கண்டதும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். டாக்டர் குறித்த வாரத்தில்தான் மாமல்லபுரத்தில் இறுதி ஆட்டமும் வந்து விழுந்தது. சொந்த மைதானம் இல்லாத அணியை அடுத்த ஆண்டு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், கோப்பை வாங்கினால் மட்டும் விதிவிலக்கு என்று போட்டி நடத்தும் சங்கம் எழுதியே கொடுத்திருந்தது.

வெங்கடேசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் கூடத்தில் நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால் திருச்சி தாண்டியிருப்பார், மொசைக்கில் தடம் விழுந்துவிட்டது. சனிக்கிழமை கழகச் செயலாளர் ராஜாராம் வந்து வாசலிலேயே நின்றார்.

"மச்சான், இது ஒன்னே ஒன்னு. கெலிச்சா கழகம் நிக்கும். இல்லன்னா பேரையே எடுத்துடறாங்கோ."

"பொண்ணு படுத்துகினு கீது, ராஜாராமு. நான் கெளம்புனா வூடு கெளம்பிடும். பாலாத்துப் பாலத்துல ஒரு குலுக்கு குலுக்குனா இன்னா பண்றது?"

"பொண்ண பக்கத்து வூட்டுல படுக்க வையேன்."

உள்ளேயிருந்து துர்காதேவியின் குரல் வந்தது. "தலப்பிரசவத்துக்கு அம்மா வூடுன்னு வந்துகீறா. உங்க பந்துக்கோசரம் அடுத்தவ வூட்டுல வலி எடுக்கணுமா? அவ பொண்ண நாம வச்சிக்குவமா?"

"அக்கா, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குத்தான் நானும் சொல்றேன். வந்தவரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காயத்ரி படுத்தபடியே சொன்னாள். "யப்பா, நீ போய்ட்டு வா. நீ நடக்கிற நடையிலயே வூடு குலுங்குது. அதுக்கு நீ பஸ்ஸுல போனா தேவல."

யோசனை ராஜாராமுக்குத்தான் வந்தது. கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களைக் கூப்பிட்டு வீட்டை நிறுத்திவைத்தால் என்ன? வெங்கடேசன் போகலாம், வீடு நிற்கும், பெண் குலுங்காமல் படுத்திருப்பாள். ஞாயிறு காலை முத்துசாமி தன் எட்டு ஆட்களோடும் எண்ணெய் ஊறிய கட்டைகளோடும் வந்து சேர்ந்தார். பரம்பரையாகத் தேருக்குக் கட்டை போடும் குடும்பம், கால் கட்டைவிரல் ஒன்றைத் தேருக்கே கொடுத்தவர். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள சாமி ஏறிடுச்சா?"

"பொண்ணு படுத்திருக்குது" என்றார் வெங்கடேசன்.

"அப்ப அதே பதவிசுதான். நீங்க கெளம்புங்க."

ஊரே ஒன்றை மறந்துவிட்டது. முட்டுக்கட்டைக்காரர்கள் தேரை நிறுத்துவதற்கு இருப்பவர்கள் அல்ல, மூலையில் திருப்புவதற்கு இருப்பவர்கள். நடுவழியில் தேர் நின்றால் அபசகுனம் என்று ஏழு தலைமுறையாக நம்புகிறவர்களிடம் போய் வீட்டை நிறுத்தச் சொன்னார்கள். வெங்கடேசன் பேருந்தில் ஏறினார். வீடு அசைந்தது. முத்துசாமி கட்டையைச் சரியாகக் கொடுத்தார். வீடு அதன்மேல் சாய்ந்து, அழகாகத் திரும்பி, ஒரு சொட்டுக்கூடக் குலுங்காமல் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஏறியது. காயத்ரியின் தலைமாட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் அலையடிக்கவில்லை. கட்டைக்காரர்கள் வழக்கம்போல இரண்டு பக்கமும் கூடவே ஓடினார்கள். தேர் நிலைக்கு வரும்வரை வீட்டுக்குப் போகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

பாலாற்றுப் பாலத்தில் வீட்டின் இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடம்தான் இருந்தது. பின்னால் மதுராந்தகம் வரைக்கும் லாரிகள் நின்றன என்கிறார்கள், விழுப்புரம் வரைக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. பாலத்தின் நடுவில் காயத்ரிக்கு வலி கண்டது. துர்காதேவி வெங்கடேசனுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. மருமகனுக்குப் போட்டாள், கிடைத்தது. செங்கல்பட்டு வந்ததும் பேருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியது, வீடும் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பியது. துர்காதேவி ஜன்னலில் தலையை நீட்டி, "முத்துசாமியண்ணே, பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பு" என்றாள்.

எட்டுக் கட்டைகளும் ஒரே மூலைக்குப் போயின. வீடு முரண்டு பிடித்தது. கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன, தொட்டித் தண்ணீர் வழிந்து சன்ஷேடில் கண்ணீர் மாதிரி ஓடியது. எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் வெங்கடேசன் போகும் ஆட்டத்தை வீடு தவறவிடுவது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் போய் நின்றது. இளநீர்க்காரர் வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வெங்கடேசன் திருக்கழுக்குன்றத்தில் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு டேங்கர் லாரி மட்டும் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் எதைப் பின்னால் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாரோ அதையே இப்போது எழுந்து நின்று தேடினார். கட்டை நிறுத்திவிட்டதா, பாலத்திலிருந்து விழுந்துவிட்டதா? மைதானத்தில் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட வரவில்லை. பாதி ஆட்டத்தில் கழகம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கோல்கீப்பர் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ரோஹித் அணுபுரத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான்.

"மாமா, ஏறுங்க. காயத்ரிக்கு வலி வந்திருச்சு. வீடு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதாம்."

ராஜாராம் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீ போனா கழகம் போச்சி."

"போவட்டும்" என்று சொல்லி வெங்கடேசன் பைக்கில் ஏறினார். ஜெர்சியின் ஒரு கை ராஜாராமிடமே தங்கிவிட்டது.

வாசலில் நிற்கும் வீட்டில் படுத்திருப்பவளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பேசி முடித்து, நர்ஸ் அமிர்தவல்லி ஸ்ட்ரெச்சரோடு வெளியே வந்து, வீட்டுப் படியேறி, கூடத்தைத் தாண்டுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். தாயும் சேயும் நலம். அந்த நேரத்தில் வாசல் கதவு யாரும் தொடாமல் இரண்டு தடவை படாரென்று அடித்தது. காற்று என்று நினைத்தார்கள்.

"பிறந்த இடம்னு எத எழுதறது? ஆஸ்பத்திரியா, வூடா?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

"அம்மா வூடு" என்றாள் துர்காதேவி. "ஆஸ்பத்திரி வாசல்ல கீது."

ஒரு கை இல்லாத ஜெர்சியோடு வெங்கடேசன் வந்து பேத்தியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது ராஜாராமின் போன் வந்தது. இரண்டுக்கு ஒன்று, கோப்பை நமக்கு.

"நீ போன ஒடனே ரெண்டு கோலு, மச்சான். இத்தினி வருசம் உன்னாலதான் தோத்துகினு இருந்தமோ இன்னாவோ."

கழகம் பிழைத்தது, பேத்தி பிறந்தாள், மகள் தேறினாள். இருந்தும் வெங்கடேசன் மூன்று மாதம் ராஜாராமோடு பேசவில்லை.

ஐந்தாம் மாதம், வழக்கப்படி, காயத்ரி குழந்தையோடு அணுபுரம் புறப்பட்டாள். காயத்ரி கல்யாணமாகிப் போனபோது அசையாத வீடு, கார் கருங்குழி எல்லையைத் தாண்டுவதற்குள் பேத்திக்குப் பின்னால் வந்துவிட்டது. குடியிருப்பு வாயிலில் காவலர் அடையாள அட்டை கேட்டார், மின்கட்டண ரசீதைக் காட்டினார்கள். பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்து உள்ளே விட்டார். வீடு இப்போது மருமகன் குடியிருக்கும் கட்டடத்துக்கு எதிரில், பூங்காவை ஒட்டி நிற்கிறது. சீட்டை மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். வெங்கடேசன் வெளியூர் ஆட்டங்களுக்குத் தனியாகப் பேருந்தில் போய் வருகிறார், டிக்கெட் காசோடு சரி. வழியில் மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறார். கழகம் சில ஆட்டம் ஜெயிக்கிறது, சில ஆட்டம் தோற்கிறது. குழந்தை தவழத் தொடங்கிவிட்டாள். பாயில் எப்படிக் கிடத்தினாலும் கிழக்கே, கடல் பக்கமாகவே போகிறாள். துர்காதேவி கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்து, கேஸை மூடி, பித்தளைச் சாமான்களைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறாள்.