வெஸ்டல் கடையின் வெட்கப் பலகை

வெஸ்டல் ஸ்டிடமின் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. மலிவு விலைத் துப்பாக்கிகளை ஆணியடித்து அதில் மாட்டி வைத்திருந்தான். குழல் பிளந்தது, பிடி உடைந்தது, உருளை சுற்றாமல் நின்றுபோனது என்று பலவகை. வெட்கப் பலகை என்று ஊரே அதற்குப் பெயர் வைத்திருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கோழித்தீவனமோ கம்பிவலையோ கேட்பார்கள். கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒருவன் இடுப்பில் இருப்பதை வைத்தே அவனை எடை போட்டுவிடுவார்கள்.

டெல்ஃபா தோட்டா வாங்கத்தான் போனாள். என்ன அளவு என்று சொல்லத் தெரியவில்லை. அடகுக் கடையில் வாங்கிய ரிவால்வரைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

அடுப்போரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கண்ணு, இது தண்ணி பீச்சுமா, தீ கக்குமா?" என்றான் வெஸ்டல். அவன் டெல்ஃபாவின் அக்கா புருஷன். அந்த உரிமையில் கொஞ்சம் கூடவே பேசுவான்.

"நாய்க்கு வேணும், வெஸ்டல். கூட்டமா வருது. போன வாரம் ரெண்டு ஆட்டைக் கொன்னு போட்டுருச்சு. மிச்சம் ரூபி ஒருத்திதான். சினையா இருக்கா. என் வீட்டுக்காரன் லீமனும் லாரியோட டெக்சஸ் போயிருக்கான்."

"இதைத் தூக்கி எறிஞ்சா நாய் சாகும். சுட்டேன்னு வையி, நீதான் சாவ." விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "மாட்டு வண்டியை ஒத்தையா இழுக்குற மாதிரி இருக்கு. ஆர்பின் பெருசு, நீயும் இழுத்துப் பாரு."

ஆர்பின் கிழவர் இழுத்துப் பார்த்துவிட்டு விரலை நீவிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். டெல்ஃபாவுக்குக் காது மடல் சுட்டது.

வெஸ்டல் தன் இடுப்பிலிருந்த ரிவால்வரை உருவி, இருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு அவள் கையில் வைத்தான். கண்ணாடி போலப் பளபளத்தது. போட்டிகளில் அதை வைத்துத்தான் கோப்பை வாங்குவான். உள்ளே சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்கை அவனே தேய்த்து மெலிதாக்கி வைத்திருந்தான். விசை வெண்ணெயில் விரல் போவது போலப் பின்னால் போனது.

"நாய்த் தொல்லை தீர்ற வரைக்கும் வச்சுக்க. இதுதான் துப்பாக்கி. ரெண்டுக்கும் தோட்டா ஒரே அளவுதான்." அலமாரியிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தான். அவளுடையதைப் பலகையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டான். டெல்ஃபா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கும்போது வாய் வரவில்லை.

மறுநாள் காலை பால் வாளியோடும், கடைத் தோட்டா போட்ட ரிவால்வரோடும் வெளியே வந்தபோது நாய்கள் வேலிக்கு உள்ளே இருந்தன. ரூபி கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். பழுப்பு நாய் அவள் காதைக் கவ்வியிருந்தது. டெல்ஃபா கிட்டே ஓடி, இரண்டு கையாலும் பிடித்துக் குறிவைத்து விசையை இழுத்தாள்.

டிக்.

மறுபடி மறுபடி, எல்லாத் தோட்டாவுக்கும் இழுத்தாள். டிக். உருளை அழகாகச் சுற்றியது, சுத்தியல் அழகாக விழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாணி அள்ளும் மண்வெட்டிதான் கடைசியில் கைகொடுத்தது. நாய்கள் போயின, ஓடிக்கூடப் போகவில்லை. காட்டோரத்தில் நின்று அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மறைந்தன. ரூபியின் காதில் பாதி இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். உள்ளே குட்டி உதைத்தது.

ஆட்டைச் சமையலறையில் விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். உருளையைத் திறந்து தோட்டாக்களைக் கல்லாமேல் கொட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும், சுத்தியல் அடித்தால் தீப்பற்றும் வெடிப்பொட்டில் கொசு கடித்தது போல ஒரு சின்னக் குழி.

"தோட்டா சரியில்ல" என்றான் வெஸ்டல்.

"உன் கடைத் தோட்டாதானே?"

"சில பெட்டி அப்படி வந்துரும், கண்ணு."

டெல்ஃபா கல்லாவைச் சுற்றிப் போய்ப் பலகையிலிருந்து தன் ரிவால்வரைக் கழற்றினாள். அதே தோட்டாக்களை அதில் போட்டாள். பின்வாசல் வழியாக நடந்தாள். அங்கே ஒரு மண்மேட்டின் முன்னால் காலி டப்பாக்கள் வரிசையாக நிற்கும், வாங்குகிறவர்கள் சுட்டுப் பார்ப்பதற்கு. கிழவர்கள் காப்பிக் கோப்பைகளோடு பின்னால் வந்தார்கள். சிரிப்பதற்குத் தயாராகத்தான் வந்தார்கள்.

விசை மாட்டு வண்டிதான். இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தாள். வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. ஒன்று விடாமல் வெடித்தது. ஒரு டப்பாகூட விழவில்லை, எல்லாக் குண்டும் இடப்பக்க மண்ணில் புதைந்தன.

ஆர்பின் கிழவர் காதைக் குடைந்துகொண்டார். "ஏன்டா வெஸ்டல், உன் துப்பாக்கியில நீ வீட்ல செய்ற தோட்டாவைத்தானே போடுவ? பொட்டு மெத்துனு இருக்குமே, அது?"

வெஸ்டல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைத் தோட்டாப் பொட்டு கெட்டி. அதுக்கு அந்தத் தேஞ்ச ஸ்பிரிங் பத்துமாடா? கொட்டாவி விடுற மாதிரில்ல அடிக்கும்."

"போட்டிக்குச் செஞ்சது அது" என்றான் வெஸ்டல். "போட்டியில ஒருநாளும் கைவிட்டதில்ல."

"டப்பா கடிக்காதுல்ல" என்றாள் டெல்ஃபா.

வெஸ்டலின் கழுத்து சிவந்தது. "உன்னோடது மட்டும் என்னவாம்? எல்லாம் இடப்பக்கம் போகுது. அந்த இழுப்புக்கு எவன் குறி வைப்பான்? குப்பை எப்பவும் குப்பைதான்."

"குப்பைதான். வலப்பக்கமாப் பார்த்துச் சுட்டுக்குறேன்."

உள்ளே வந்தவள் கல்லாமேல் கிடந்த பளபளப்பான ரிவால்வரை எடுத்துக் காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. ஆர்பின் கிழவர் வாயிலிருந்த காப்பியைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அதை எடு, டெல்ஃபா" என்றான் வெஸ்டல்.

"உன் கடை, உன் பலகை. நீயே எடுத்துக்க. எனக்கு அந்தத் தோட்டாவுல இன்னொரு பெட்டி குடு. சீக்கிரம். நான் வீட்டுல இல்லன்னு அந்த நாய்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."