வாயில்லாத மாமா

மாமா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று பொழுதுபடும் நேரம், படையல் எடுத்து முடிந்த கையோடு, அவர் படத்துக்கு மேலே சுவரில் ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரியது. மண்ணிறச் சிறகு நான்கிலும் கண்ணாடி பதித்ததுபோல ஒவ்வொரு வட்டம்.

"மூக்குக்கண்ணாடி," என்றார் என் கணவரின் தாய், ஞானாம்பிகை மாமி. "அவர்தான்."

"நாலு வட்டம் கிடக்கு மாமி."

"வாசிக்க ஒண்டு, தூரம் பாக்க ஒண்டு," என்று மாமாவின் தம்பியார் அதையும் தீர்த்துவைத்தார். எங்கள் கரவெட்டி ஊரில் பாதி வந்து பார்த்துக் கும்பிட்டுப் போனது. நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொன்னேன். இது காட்டில் இருக்கிற தசார் பட்டுப்பூச்சி. சமையலுக்கு வன்னியிலிருந்து இறக்கிய விறகில் இதன் கூடு ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். உணர்கொம்பு மெலிவு, வயிறு பருமன். ஆகவே இது பெண்.

"ஆன்மாவிலை ஆணென்ன பிள்ளை, பெண்ணென்ன," என்றார் தம்பியார். அந்த மனிசனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூச்சி மாமாவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் மாமி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமா சாப்பிடாமல் மாமி ஒரு வாய் வைத்ததில்லை. மாமா கடைசியாக மாமியோடு கதைத்ததும் சாப்பாட்டைப் பற்றித்தான். இறந்த அன்று மத்தியானம் கணவாய்க் கறியும் சோறும் போட்ட கோப்பையை, "எனக்கு வேண்டாம்," என்று தள்ளிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்தவர் பிறகு எழும்பவில்லை. என்ன பிழை விட்டேன் என்று செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் மாமி கேட்டார்.

"அவர் தொட்டால்தான் நான் தொடுவன்," என்றார் இப்போது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தக்காரி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். குளிசையை வெறும் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

பூச்சிக்கு எட்டவேண்டும் என்று மேசையைச் சுவரோடு தள்ளி, அதன்மேல் ஸ்டூல் வைத்து, அதன்மேல் கோப்பையை வைத்தோம். புட்டு வைத்தோம். ஒடியல் கூழ் வைத்தோம். தம்பியார் கொஞ்சம் கள்ளும் வைத்து, பூச்சி தொடாததால் தானே எடுத்துக் குடித்தார். பூச்சி அசையவில்லை. மாமி அடுப்படி வாசலில் ஒருமுறை மயங்கிச் சரிந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

பூச்சியின் முகத்தைப் போனில் படமெடுத்து, பெருப்பித்துக் காட்டினேன்.

"வடிவாப் பாருங்கோ மாமி. உதுக்கு வாய் இல்லை. உதாலை சாப்பிடவே ஏலாது."

மாமி கனநேரம் பார்த்தார். "வாயில்லாத சீவனோ? அப்ப இனி எந்தக் காலத்திலை அவரின்ரை பசி ஆறுறது?" என்று அழத் தொடங்கினார். தேத்தண்ணியும் நின்றது. என் படிப்பால் விளைந்தது அவ்வளவுதான்.

மறுநாள் என் கணவர் செந்தூரன் முன் அறையிலிருந்து மெல்லக் கூப்பிட்டார். "இஞ்சை வாரும். அப்பா என்னவோ போடுறார்."

சுவரில் வெள்ளை மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. முட்டை என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"சாப்பிடாமல் எப்பிடி முட்டை போடும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மாணவன்.

"புழுவா இருக்கேக்கை இரவு பகலாத் திண்டு தீர்க்கும். பிறகு கூடு கட்டி அதுக்குள்ளை கிடக்கும். செட்டை முளைச்சு வெளியிலை வரேக்கை வயிறு நிறைஞ்சபடிதான் வரும். உதுக்குப் பசியே இல்லை. எல்லாம் முதலே சாப்பிட்டு முடிஞ்சுது."

கதவடியில் மாமி நின்றார். "எங்கை சாப்பிட்டது?"

"வெளியிலைதான் மாமி. ஏதாவது மரத்திலை."

"வெளியிலை," என்றார் மாமி. கண்ணீரைத் துடைத்தார். பூச்சியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "அவர் கண்மூடின அண்டைக்குக் காலமை உன்ரை அப்பாவை மோட்டச்சைக்கிளிலை எங்கை கொண்டு போனனி?"

செந்தூரன் நிலத்தைப் பார்த்தார்.

"நெல்லியடிக் கடைக்கு அம்மா. அவர் கேட்டவர். ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி. பிறகு ரோல்ஸ்."

"டொக்டர் வேண்டாமெண்டு சொன்னதோ?"

"ஓம்."

"வயிறு முட்டத் திண்டிட்டு வந்து, என்ரை கோப்பையைத் தள்ளினவரோ?"

"ஓம் அம்மா. இடமில்லை எண்டு எனக்குச் சொன்னவர்."

 மாமி மேசையடிக்குப் போய் ஸ்டூல் மேலிருந்த கோப்பையை எட்டி எடுத்தார். பூச்சிக்கு நேர் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அன்று மாமாவுக்கென்று வைத்த சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். ஆத்திரத்தோடும் அழுகையோடும் முழுவதையும் சாப்பிட்டார். முடிந்ததும் என் பக்கம் கோப்பையை நீட்டினார்.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடு."